மோசேயைப் பெற்றவள்

இராமேசுவரம் வேர்க்கோட்டில் இருக்கிற கோயில் சூசையப்பருடையது. இயேசுவுக்கு வளர்ப்புத் தந்தை அவர். தான் பெறாத பிள்ளையைத் தன் குடும்பத்தில் சேர்த்து, தச்சுத் தொழில் கற்றுக்கொடுத்து, ஏரோதுக்குப் பயந்து இராத்திரியோடு இராத்திரியாக எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர். இந்தத் தீவில் அவருடைய சுரூபத்தைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு, அடுத்தவர் பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையாக வளர்ப்பது புதிய சங்கதி இல்லை.

கடலுக்குப் போனவர் திரும்பாத வீடுகள் இந்தக் கரையில் எத்தனையோ. அந்தப் பிள்ளைகள் மாமன் வீட்டிலும் பெரியம்மா வீட்டிலும் வளர்ந்துவிடுவார்கள். பிள்ளை இல்லாத அக்காளுக்குத் தங்கச்சி தன் இரண்டாவதைக் கொடுத்துவிடுவாள். யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, யாரும் கேட்பதும் இல்லை. பங்குக்கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றவர்கள் பெயர் இருக்கும், ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயர் இருக்கும். வளர்த்தவள் பெயர் எதிலும் இருக்காது. வீடு, வள்ளம், வலை என்று பங்கு பிரிக்கிற நாளில்தான் அந்தப் பிள்ளை யாருடையது என்று கேள்வி வரும். அன்றைக்கு வளர்த்தவளுக்குச் சொல்ல ஒரு காகிதமும் இருக்காது.

அப்படி ஒரு காகிதத்தை அவள் நினைத்தாலும் வாங்கியிருக்க முடியாது. 1956இல் வந்த தத்துச் சட்டம் இந்துக்களுக்கும் பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் மட்டும். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் பார்சிகளுக்கும் 1890ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம்தான் கதி. அதன்படி கோர்ட்டுக்குப் போனால் பாதுகாவலர் ஆகலாம். அம்மா அப்பா ஆக முடியாது. பிள்ளைக்கு வயது வந்ததும் அந்த உறவு முடிந்துவிடும். சொத்தில் பிள்ளைக்குத் தானாக வரும் பங்கு எதுவும் கிடையாது. எல்லா மதத்தாருக்கும் பொதுவாக ஒரு சட்டம் கொண்டுவர 1972இல் ஒரு மசோதா வந்தது, 1980இல் இன்னொன்று வந்தது. இரண்டும் நிறைவேறவில்லை.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆறாத ஒன்று உண்டு. அதே 1890ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துத்தான் வெளிநாட்டுத் தம்பதிகள் இங்கிருந்து பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். இங்கே கோர்ட்டில் பாதுகாவலர் என்று ஆணை வாங்கி, விமானம் ஏறி, தங்கள் நாட்டுச் சட்டப்படி அங்கே தத்தெடுத்துக்கொண்டார்கள். சுவீடன் தம்பதிக்குத் திரும்பிப் போக ஒரு நாடு இருந்தது. எங்கள் தீவின் தங்கச்சிமடத்துக் கிறிஸ்தவத் தம்பதி எங்கே போவார்கள்? 2000ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் வந்து, 2006இல் அது திருத்தப்பட்ட பிறகுதான் மதம் பார்க்காமல் யாரும் தத்தெடுக்கலாம் என்ற நிலை தெளிவானது. சுதந்திரம் வந்து அரை நூற்றாண்டு கழித்து! அதற்குள் எங்கள் கரையில் எத்தனை பெண்கள் வளர்த்த பிள்ளைக்குச் சட்டத்தில் யாரோவாகச் செத்துப்போனார்களோ.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் என் சித்தி மகள். அவள் அயர்லாந்தில் நர்ஸ். அவளும் வீட்டுக்காரரும் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார்கள். கையில் இருப்பது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போன் போட்டாள். "அக்கா, நாங்க முடிவு பண்ணிட்டோம். நம்ம ஊருப் பக்கமிருந்தே ஒரு பிள்ளைய எடுத்து வளக்கப் போறோம். ரொம்ப நாளா செபம் பண்ணிக் கேட்டோம். ஆண்டவர் காட்டுன வழிக்கா இது" என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை. அவர்கள் கலியாணம் முடித்து எத்தனை வேண்டுதல், எத்தனை ஆஸ்பத்திரி என்று எனக்குத் தெரியும்.

சித்திக்கு மட்டும் வேறு யோசனை. சொந்தத்திலேயே மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிற ஒரு வீடு இருக்கிறது. புருஷன் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். "அதுல கடைசியக் கேட்டா குடுத்துருவாக. நம்ம ரத்தம், அதுவும் பொழச்சுக்கிரும்" என்றார் சித்தி. உறவுக்குள் தத்தெடுத்து வெளிநாடு கொண்டுபோகவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தப் பிள்ளையின் தாய் உயிரோடு இருக்கிறாள். அவளுக்கு இல்லாதது காசு. நம்மிடம் காசு இருக்கிறது. அப்படியானால் காசைக் கொடுக்க வேண்டும், பிள்ளையைக் கேட்கக் கூடாது. சித்தியிடம் இதைச் சொன்னேன். கோபித்துக்கொண்டார். தங்கச்சி கோபிக்கவில்லை. அந்த வீட்டுப் பெரிய பெண்ணின் படிப்புச் செலவை அவள் ஏற்றுக்கொண்டாள்.

நம் மேடைகளில் தத்தெடுப்பைப் பற்றிப் பிரசங்கம் வைக்கும்போது பவுலின் நிருபங்களைச் சொல்வார்கள். கடவுள் நம்மைத் தம் பிள்ளைகளாக ஏற்றுக்கொண்டார் என்பார்கள். எஸ்தரை வளர்த்த மொர்தக்காயைச் சொல்வார்கள். பார்வோன் மகள் ஆற்றிலிருந்து மோசேயை எடுத்ததைச் சொல்வார்கள். யாத்திராகமத்தில் அந்தக் கதையை நான் படிக்கும்போதெல்லாம் கண் போய் நிற்பது பெற்றவள் மேல்தான். கூடையில் வைத்து நாணலுக்குள் விட்டவள் அதோடு மறைந்துபோகவில்லை. அக்காள் மிரியாம் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்; தாயையே பால்கொடுக்கக் கூட்டிவருகிறாள். அரண்மனைப் பிள்ளைக்குத் தன்னைப் பெற்றவள் யார் என்று தெரிந்திருந்தது. பின்னால் அவன் தன் சனத்தைத் தேடிப் போனது அதனால்தானே? ஒரு கிறிஸ்தவக் குடும்பம் பிள்ளையைத் தேடும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நான் நம்புகிறேன்: இந்தப் பிள்ளையைப் பெற்றவள் எங்கே, அவளாக மனசார விட்டுக்கொடுத்தாளா?

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டதன் விலை எங்களுக்கு எதிர்க்கரையிலேயே இருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து முப்பது கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் தலைமன்னார். அந்த இலங்கையிலிருந்து எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துப் போயின. சுவிட்சர்லாந்துக்கு மட்டும் 1973 முதல் 1997 வரை 881. ஏழைத் தாய்களிடம் காசு கொடுத்து வாங்கிய குழந்தைகள் உண்டு. கருவுற்ற பெண்களை அடைத்துவைத்திருந்த வீடுகள் உண்டு. கையெழுத்துப் போட வேண்டிய நாளில் பெற்றவளுக்குப் பதிலாக, கூலிக்கு வந்த வேறொருத்தி தாயாக நின்றிருக்கிறாள். வளர்ந்த பிள்ளைகள் ஆவணத்தில் இருந்த பெயரைப் பிடித்துக்கொண்டு தேடி வந்தபோது, அந்தப் பெண் தங்களைப் பெற்றவளே இல்லை என்று தெரிந்தது. நெதர்லாந்து விசாரணைக் குழு போட்டு, 2021இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பையே நிறுத்திவைத்தது. அந்தக் குழந்தைகளைக் கையில் வாங்கிக்கொண்டவர்களில் பலர், செபம் பண்ணிவிட்டு வந்த நல்ல மனிதர்கள்.

நம் சென்னையிலும் நடந்திருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் குடிசைப் பகுதிகளில் காணாமல்போன குழந்தைகள், ஒரு காப்பகம் வழியாக, பெற்றோரே ஒப்படைத்ததாகப் பொய்க் காகிதத்துடன் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. 2005இல் போலீஸ் பிடித்தபோது அந்தப் பிள்ளைகள் வேறு பாஷை பேசிக்கொண்டு வேறு அம்மாவின் மடியில் இருந்தார்கள். தெருவில் விளையாடிய பிள்ளையைத் தொலைத்த தாய் ஒருத்தி, கேட்டதும் கிடைத்ததென்று ஸ்தோத்திரம் செய்த தாய் ஒருத்தி. இருவருமே ஏமாற்றப்பட்டவர்கள்.

2010 சனவரியில் ஹெய்ட்டியில் பூகம்பம் வந்தபோது அமெரிக்க பாப்டிஸ்டுகள் பத்துப் பேர் 33 பிள்ளைகளை எல்லை தாண்டிக் கூட்டிப்போக முயன்று பிடிபட்டார்கள். அனாதைகள் என்று சொல்லி ஏற்றிய அந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தாய் தகப்பன் உயிரோடு இருந்தார்கள். நல்லது செய்யும் அவசரத்தில் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

அதனால்தான் இப்போதைய சட்டத்தின் நிதானத்தை நான் மதிக்கிறேன். லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய ஒரு கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, 1984இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பகவதி கொடுத்த தீர்ப்பு இதற்கு அஸ்திவாரம். பிள்ளைக்கு முதலில் இந்தியாவுக்குள்ளேயே குடும்பம் தேட வேண்டும் என்றார். வெளிநாட்டார் விண்ணப்பம் அந்த நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு வழியாகத்தான் வர வேண்டும் என்றார். பிறகு காரா என்ற மத்திய ஆணையம் வந்தது. 2003இல் இந்தியா ஹேக் உடன்படிக்கையை ஏற்றது. இன்றைக்குப் பிள்ளையை ஒப்படைக்கிற தாய் குழந்தைகள் நலக் குழு முன் வந்து கையெழுத்துப் போட வேண்டும். போட்ட பிறகும் இரண்டு மாதம் அவள் மனம் மாறலாம். வந்து கேட்டால் பிள்ளையைக் கொடுத்துவிடுவார்கள். தெருவில் கிடைத்த பிள்ளை என்றால் பெற்றவர்களைத் தேட வேண்டும். இரண்டு வயதுக்குள் என்றால் இரண்டு மாதம், மேலே என்றால் நான்கு மாதம். தத்து ஆணையை 2022 செப்டம்பர் முதல் கோர்ட்டுக்குப் பதில் கலெக்டர் போடுகிறார். வெளிநாடு போன பிள்ளை எப்படி இருக்கிறது என்று இரண்டு வருஷம் அறிக்கை வந்துகொண்டே இருக்க வேண்டும்.

"எவ்வளவு காலம்க்கா காத்திருக்கிறது, அங்க பிள்ளைக அனாதையாக் கிடக்கிறப்ப?" என்று தங்கச்சி ஒருநாள் அழுதாள். அந்த இரண்டு மாதத்தை நினைத்துக்கொள் என்றேன். மனசு மாறி ஓடிவருகிற ஒரு தாய்க்காகத் திறந்து வைத்திருக்கிற கதவு அது. ஆண்டவர் உனக்குக் காட்டிய வழி, அவள் கதவை அடைத்துக்கொண்டு வராது.

அவள் வாழும் அயர்லாந்திலிருந்து நம் பக்கம் வந்தவர்தான் ஏமி கார்மைக்கேல். 1895இல் இந்தியா வந்தார். 1901இல், கோயிலுக்கு ஒப்படைக்கப்பட்டுத் தப்பி வந்த ஒரு சிறுமியை ஏற்றுக்கொண்டதிலிருந்து அம்மாவானார். டோனாவூரில் எத்தனையோ பிள்ளைகளை வளர்த்தும் யாரையும் அயர்லாந்துக்குக் கூட்டிப் போகவில்லை. சேலை கட்டினார், தமிழ் படித்தார், 1951இல் சாகும்வரை ஊர்ப்பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளைகள் இருக்கிற இடத்துக்குத் தான் போய்ச் சேர்ந்தார். எல்லோராலும் அது ஆகாது. தங்கச்சிக்கு அங்கே வேலை, வீடு, கடன். ஆனாலும் பிள்ளை மட்டும்தான் மாற வேண்டும் என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதற்கு டோனாவூர் அம்மாவை அவளிடம் சொன்னேன்.

தங்கச்சிக்குக் கைக்குழந்தை ஆசை. இருவர் வயதையும் கூட்டினால் 88. இரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. போதாததற்கு, குழந்தைகளைக் காட்டுவது முதலில் இங்கே வாழும் இந்தியருக்கும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்களுக்கும். ஓசிஐ வரிசை அதற்குப் பிறகு. 2024-25இல் நாடு முழுவதும் தத்துப் போன 4,515 பிள்ளைகளில் 4,155 பேர் உள்நாட்டிலேயே வீடு கண்டார்கள். வெளிநாடு போகிறவர்களில் நிறையப் பேர் வளர்ந்த பிள்ளைகள், அல்லது உடம்புக்கு ஏதாவது முடியாதவர்கள். இங்கே கைக்குழந்தை கேட்டு நிற்கிறவர்கள் ஏற்க மறுத்த பிள்ளைகள் இவர்கள். இதைக் கேட்டதும் தங்கச்சி ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் பேசினாள். நர்ஸ் அல்லவா, உடம்பு முடியாத பிள்ளை அவளுக்குப் பயமில்லை. ஐந்து ஆறு வயதுப் பிள்ளை என்றாலும் சரி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அங்குள்ள சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறார்.

ஆறு வயதுப் பிள்ளை என்றால் அதற்குப் பேர் இருக்கும். சாப்பாட்டு ருசி இருக்கும். ஒருவேளை சாமி கும்பிடுகிற பழக்கமும் இருக்கும், அது நம் சாமியாக இல்லாமலும் இருக்கும். மாப்பிள்ளைக்கு, வந்ததும் ஞானஸ்நானம் கொடுத்துப் புனிதர் பெயர் வைத்துவிட வேண்டும் என்று ஆசை. பெற்றவளோ காப்பகமோ கூப்பிட்ட பெயரை எடுத்துவிடாதீர்கள், தமிழை மறக்க விடாதீர்கள், பதினெட்டு வயதில் தன் வேரைத் தேடிக் கேட்க அந்தப் பிள்ளைக்கு உரிமை இருக்கிறது, அன்றைக்குக் கூடவே போங்கள் என்று நான் சொன்னேன். ஞானஸ்நானத்தைப் பிள்ளைக்கு விவரம் தெரிந்து அதுவாகக் கேட்கிறவரை தள்ளிவைக்கலாமே என்றும் கேட்டேன். தங்கச்சி எல்லாவற்றுக்கும் சரி என்றாள். மாப்பிள்ளை தமிழுக்கும் தேடலுக்கும் சம்மதித்துவிட்டார். பெயர் விஷயத்தில் பங்குச்சாமியாரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.