குற்றம் தீனியில் இல்லை

என் தங்கச்சி மகன் வளர்த்த கப்பி மீன்கள் செத்தது அவன் தீனியை அள்ளிப் போட்டதால் என்று எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். அவனும் நம்புகிறான். அப்படிச் சொன்னவன் நான். அது பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

பசறையிலிருந்து நமுனுகுல மலைக்கு ஏறும் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர்கள் இருக்கிறார்கள். லயத்துக் காம்பராவின் இஸ்தோப்பில், சிலிக்கன் பூசி அவனே ஒட்டிய சின்னத் தொட்டி. மேலே பலகை மூடி, மூடிக்குள் 40 வாட் குண்டு பல்ப். மழைக்காலத்தில் அந்தியில் போட்டால் விடியும்வரை எரியும்.

பதுளை டவுனில் இருக்கும் எனக்குக் குடும்பத்தில் மீன் விஷயத்தில் பெரிய பெயர். 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியபோது, என் தொட்டியின் டியூப் லைட்டுகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டினேன். சோக்கின் இரைச்சல் போனது, ஸ்டார்ட்டர் மாற்றும் தொல்லை போனது. தண்ணீர் பளிச்சென்று தெரிந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அதையே பேசினேன்.

தங்கச்சி வீட்டிலும் பேசினேன். கணக்குப் போட்டுக் காட்டினேன்: 40 வாட் பல்ப் இரவுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் மாதம் 14 அலகுக்கு மேல், 9 வாட் எல்.இ.டி. என்றால் 3 அலகும் கொஞ்சமும். முப்பது, அறுபது, தொண்ணூறு அலகு என்று படிக்குப் படி விலை கூடும் பில்லில், சம்பளத்தை எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கு அது பெரிய தொகை. கணக்கில் பிழையில்லை.

பையன் மட்டும் கேட்டான்: "பல்ப்பு இல்லாட்டி தண்ணி குளிருமே மாமா?"

நான் சிரித்தேன். "மீனுக்கு எதுக்குடா கம்பளி?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பல்ப்பை நானே கழற்றினேன்.

அவன் கேட்டதுதான் விஷயத்தின் மையம். குண்டு பல்ப் தின்னும் மின்சாரத்தில் வெளிச்சமாக வருவது சொற்பம், மற்றதெல்லாம் சூடு. விளக்கு என்ற வகையில் அது விரயம். ஆனால் மூடிய பலகைக்குள், சின்னத் தொட்டிக்கு மேலே எரிந்தபோது அந்த விரயம்தான் தண்ணீரை மிதமாக வைத்திருந்தது. எல்.இ.டி.யிலும் சூடு உண்டு, ஆனால் குறைவு. அதுவும் விளக்கின் முதுகுப்புறமாகக் காற்றோடு போய்விடும், தண்ணீருக்கு இறங்காது. பதுளை டவுன் சுமார் 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நமுனுகுல உச்சி 2,000 மீட்டரைத் தாண்டும். அந்தச் சரிவில் மார்கழி இரவு எப்படியிருக்கும் என்று அங்கே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாதா? கப்பிக்கு 24 முதல் 28 பாகை வரையான தண்ணீர் வேண்டும் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கவில்லை.

யோசிக்காததற்குக் காரணம் என் தொட்டி. அதில் ஹீட்டர் இருந்தது. டியூப் லைட் போனதோ எல்.இ.டி. வந்ததோ, என் மீன்களுக்குக் குளிர் ஏறவில்லை. ஹீட்டர் வாங்க முடிந்தவனுடைய அனுபவத்தை, ஒற்றைப் பல்ப்பால் இரண்டு வேலையும் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கு அறிவுரையாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் மறைத்தேன். விளக்கை மாற்றிய பிறகு என் தொட்டியிலிருந்த கிரிப்டோகோரைன் செடிகளின் இலைகள் கூழாகக் கரைந்தன. இந்தச் செடியின் பல வகைகள் இலங்கைக்கே உரியவை; நிழலோடைகளில் வளர்பவை. வெளிச்சம் சட்டென்று மாறினாலே இலையை உதிர்த்துவிடும், ஆனால் வேர் உயிரோடு இருந்து பிறகு துளிர்க்கும். நான் பொறுக்காமல் வேரோடு பிடுங்கி எறிந்தேன். கூடுதல் வெளிச்சத்தில் கண்ணாடியெல்லாம் பாசி படிந்தது. விளக்கை மாற்றினால் தொட்டியே மாறும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே எல்.இ.டி.யின் புகழை மட்டும் பாடினேன்.

மார்கழியில் பையனின் மீன்கள் மேல் வெள்ளைப் புள்ளிகள் கண்டன. வெண்புள்ளி நோய்க்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணி. குளிரில் வலு குன்றிய மீனை அது எளிதில் பிடிக்கும். அழைப்பு வந்து நான் போனபோது பாதி மீன்கள் மிதந்தன. விரலைத் தண்ணீருக்குள் விட்டேன். அந்த நொடியே புரிந்துவிட்டது. தங்கச்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தீனி கூடிப்போச்சு, தண்ணி கெட்டுப்போச்சு" என்றேன். பையன் ஒன்றும் பேசவில்லை.

பிறகு அவனுக்குப் புது மீன்களும், வெப்பம் போதுமானதும் தானே அணையும் ஒரு ஹீட்டரும் வாங்கிக் கொடுத்தேன். பிறந்தநாள் பரிசு என்று சொன்னேன். அத்தோடு கடன் தீர்ந்ததாகவும் எண்ணிக்கொண்டேன். அடுத்த முறை போனபோது மீன்களின் வயிறு ஒட்டியிருந்தது. கூடிவிடுமோ என்ற பயத்தில் நுள்ளளவு தீனியைப் பாதியாக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். ஹீட்டர் தண்ணீரைச் சரிசெய்திருந்தது. நான் சொன்ன பொய் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது.

இன்று யாராவது கேட்டால் எல்.இ.டி.யைத்தான் சொல்வேன். டியூப் லைட்டின் உட்பூச்சு மங்குவது நம் கண்ணுக்குத் தெரியாது, செடிக்குத் தெரியும். உள்ளே பாதரசமும் இருக்கிறது. ஆனால் மலையில் இருப்பவர்கள் பழைய பல்ப்பைக் கழற்றுமுன் ஒரு வெப்பமானியைத் தொட்டியில் வைத்து, விடியற்காலையில் பாருங்கள். சூட்டுக்குத் தனியாக வழி செய்த பிறகே விளக்கை மாற்றுங்கள். செடி இருந்தால் முதலில் குறைந்த நேரம், பிறகு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். இரவில் அணைத்துவிடுங்கள்.

பையனுக்கு நான் சொல்ல வேண்டியது வேறு: "நீ அன்னைக்குக் கேட்டதுதான் சரி, தீனியில குத்தமில்ல." இதை அவன் அம்மாவுக்கு முன்னால் சொல்ல வேண்டும். பொய்யையும் அவளுக்கு முன்னால்தான் சொன்னேன்.