நூறு மூட்டையில் ஐந்து

போன வாரம் தொலைக்காட்சியில், மழையில் நனைந்து முளைவிட்ட நெல்மூட்டைகளைக் காட்டினார்கள். பார்த்ததும், ஓய்வுபெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு வந்த ஓர் ஐப்பசி மாதம் ஞாபகம் வந்தது.

அப்போது தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராமத்து வங்கிக் கிளையில் பயிர்க்கடன் பார்த்துக்கொண்டிருந்தேன். குறுவை அறுவடை முடியும் நேரம்தான் எங்களுக்கு வசூல் காலம். ஒரு பெரியவரைத் தேடிப் போனபோது, தார்ச்சாலையில் நெல்லைப் பரப்பிக்கொண்டிருந்தார். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். பருவமழை தொடங்கும் மாதத்தில் வெயிலுக்கு எங்கே போவது? மூன்று நாட்களாகப் பரப்புவதும், தூறல் விழுந்தால் அள்ளித் தார்ப்பாய் போட்டு மூடுவதுமாக இருந்திருக்கிறார். குவியலின் அடியில் இருந்த நெல் சூடேறி முளைத்துவிட்டது.

"எவ்வளவு போச்சு?" என்று கேட்டேன்.

"நூத்துக்கு அஞ்சு மூட்ட போயிருக்கும் சார்."

"அஞ்சுதானே, மீதி தேறிடுச்சே" என்றேன் ஆறுதலாக.

"உழவு, நடவு, உரம், அறுப்பு மிஷினு, ஒங்க கடன் எல்லாம் போக எங்களுக்கு நிக்கிறதே இருவது மூட்டதான். அஞ்சு போனது அதுலதான் சார்."

கணக்கு எழுதியே காலம் தள்ளியவன் நான். இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. விளைச்சலில் 5 சதவீதம். அவர் வருமானத்தில் 25 சதவீதம். செலவு நூறு மூட்டைக்கும் முன்பே செய்தாகிவிட்டது. போவதெல்லாம் லாபத்திலிருந்துதான் போகும்.

லூதியானாவில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனம் 2015இல் கொடுத்த கணக்கின்படி, இந்தியாவில் தானியங்களில் அறுவடையின்போதும் அதன் பிறகும் வீணாவது 4.65 முதல் 5.99 சதவீதம். படிக்கும்போது சின்ன எண்தான்.

அந்த எண்ணில் வராத நஷ்டமும் உண்டு. நெல்லை மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டுமானால் ஈரம் 14 சதவீதத்துக்கு வர வேண்டும். 20 சதவீத ஈரத்தில் உள்ள 100 கிலோ, அந்த அளவுக்குக் காய்ந்தால் 93 கிலோதான் இருக்கும். காயவைக்கக் களமோ உலர்த்தும் இயந்திரமோ இல்லாதவர் ஈரத்தோடு வியாபாரியிடம் போடுகிறார். அவர் சொல்வதுதான் கழிவு, அவர் சொல்வதுதான் விலை. கெட்டுவிடுமோ என்ற பயத்தில் கெடாத நெல்லும் மலிவாகப் போய்விடுகிறது.

கிடங்கில் நெல்லை வைத்து, அந்த ரசீதின் மேல் கடன் வாங்கிக்கொண்டு, விலை ஏறும்வரை காத்திருக்கலாம். அதற்கு வசதியாக 2007இல் கிடங்குச் சட்டமும் வந்தது. ஆனால் கிடங்கிலும் காய்ந்த நெல்லைத்தான் கேட்பார்கள். ஊருக்கு ஒரு நல்ல களமும் ஓர் உலர்த்தும் இயந்திரமும் இல்லாமல் மற்றது எதுவும் அந்தப் பெரியவரிடம் போய்ச் சேராது.

அன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தவணையையும் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். சாயங்காலமே வியாபாரியை வரவழைத்து ஈரநெல்லைப் போட்டிருக்கிறார். மறுநாள் காலை கிளைக்கு வந்து கட்டினார். வசூல் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே டிக் அடித்தேன். மூட்டை என்ன விலைக்குப் போனது என்று கேட்கவில்லை.