வில்லியின் ஊரில் பூட்டிக் கிடக்கும் துப்பாக்கிகள்

மதுரையிலிருந்து கொல்லம் போகும் சாலையில் டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் வலது பக்கம் மலை மெல்ல நெருங்கி வரும். அதற்கு முன்னால், தென்னந்தோப்புகளுக்கு மேலே, 11 நிலைகளோடு 192 அடி உயரத்துக்கு நிற்கிறது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம். பஸ்ஸை விட்டு இறங்கினால் பால்கோவா வாசனை. அங்கிருந்து இன்னும் 11 கிலோமீட்டர் போனால் ராஜபாளையம். பஞ்சாலை, பேண்டேஜ் துணி, மாம்பழம், அப்புறம் உலகம் அறிந்த அந்த வெள்ளை நாய்.

ஆண்டாள் பிறந்த ஊருக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஊரின் பெயரிலேயே ஒரு வேட்டைக்காரர் இருக்கிறார். மல்லி என்ற அரசியின் பிள்ளைகள் வில்லி, கண்டன். இருவரும் இந்தக் காட்டுக்குள் வேட்டைக்குப் போனார்கள். கண்டனைப் புலி கொன்றுவிட்டது. அது தெரியாமல் தம்பியைத் தேடிக் களைத்து மரத்தடியில் தூங்கிய வில்லியின் கனவில் பெருமாள் வந்தார். கண் விழித்த வில்லி காடு திருத்திக் கோயில் எழுப்பி ஊரும் அமைத்தார். அதுதான் வில்லிபுத்தூர் என்கிறது தலபுராணம். மல்லி என்ற பெயரில் பக்கத்திலேயே ஒரு கிராமம் இன்றும் இருக்கிறது.

கண்டனைப் புலி கொன்றதாகச் சொல்லப்படும் அந்தக் காடு இப்போது புலிகளுக்கே எழுதி வைத்த காடு. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான பரப்பு. தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம். அந்தக் காட்டின் ஓரத்தில் தோப்பு வைத்திருப்பவர்களில் சிலரது வீட்டு பீரோக்களில் பாட்டன் காலத்துத் துப்பாக்கி ஒன்று இன்னும் எண்ணெய் போட்டுத் துடைக்கப்பட்டுக் காத்திருக்கிறது. எதற்குக் காத்திருக்கிறது என்பதுதான் இன்றைய கேள்வி.

நாயும் துப்பாக்கியும்

ராஜபாளையம் நாயைப் பார்த்திருப்பீர்கள். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டிய வயிறு. 2005-இல் அஞ்சல் துறை வெளியிட்ட இந்திய நாய்கள் தபால் தலை வரிசையில் இதற்கும் ஓர் இடம் கிடைத்தது. இன்று பங்களா வாசலில் காவல் காக்கும் இந்த நாய், காட்டுப்பன்றி வேட்டைக்காக வளர்க்கப்பட்ட இனம்.

நாய் துரத்தும், துப்பாக்கி முடிக்கும் என்பது ஜமீன் காலத்து வழக்கம். சேத்தூர், சிவகிரி என்று மலையடிவாரம் நெடுக ஜமீன்கள் இருந்த பகுதி இது. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை என்பது பெருமை என்ற நிலை மாறி, முயலைச் சுட்டாலும் குற்றம் என்றானது. நாய் காவலுக்கு வந்தது. துப்பாக்கியும் அப்படியே 'பயிர்ப் பாதுகாப்பு', 'தற்காப்பு' என்ற புதிய பெயர்களோடு லைசென்ஸ் புத்தகத்துக்குள் உட்கார்ந்தது.

ஆயுதத்தை ஒப்படை என்ற உத்தரவு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பாளையக்காரர் போர் முடிந்ததும், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். பாளையங்களின் கோட்டைகள் தரைமட்டமாயின. மக்கள் ஆயுதம் வைத்திருக்கத் தடை வந்தது. 1878-இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் இந்தியர்களை லைசென்ஸ் வாங்கச் சொல்லி, ஐரோப்பியர்களுக்கு விலக்குக் கொடுத்தது. சுதந்திர இந்தியா 1959-இல் தனக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான்.

மூன்று இரண்டான கதை

1983-இல் வந்த திருத்தத்தின்படி ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்துக்கொள்ளலாம். 2019 நவம்பர் இறுதியில் மக்களவைக்கு வந்த திருத்த மசோதா, அதை ஒன்று என்று குறைக்கச் சொன்னது. நாடு முழுக்க லைசென்ஸ்தாரர்களிடமிருந்து எதிர்ப்பு. அப்போது பஞ்சாப் முதல்வராக இருந்த அமரீந்தர் சிங், இதை மறுபரிசீலனை செய்யும்படி உள்துறை அமைச்சர் அமித் ஷாவைக் கேட்டுக்கொண்டார். கடைசியில் எண்ணிக்கை இரண்டு என்று முடிவாகி, டிசம்பரில் சட்டம் நிறைவேறியது.

கூடுதலாக வைத்திருந்தவர்கள் ஓராண்டுக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ மூன்றாவதை ஒப்படைக்க வேண்டும். அந்த ஓராண்டு, ஊரடங்கு நடந்த 2020. பரம்பரைச் சொத்தாக வந்த துப்பாக்கி என்றாலும் இதே கணக்குதான். போட்டிகளில் கலந்துகொள்ளும் துப்பாக்கி சுடும் வீரர்களுக்குத்தான் விலக்கு. லைசென்ஸ் காலம் மட்டும் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீண்டது. கல்யாண வீட்டில் ஆசைக்கு வானத்தை நோக்கிச் சுட்டாலும் இரண்டு ஆண்டு வரை சிறை என்ற பிரிவும் அப்போதுதான் சேர்ந்தது.

மூன்று துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எந்த ஊரிலும் கொஞ்சம் பேர்தான். ஆனால், அவர்களின் வருத்தம் பணத்தைப் பற்றியது மட்டும் அல்ல. ஒரு வீட்டில் தாத்தாவின் இரட்டைக்குழல், அப்பாவின் ஒற்றைக்குழல், தோப்புக்கு ஒரு நாட்டுத் துப்பாக்கி என்று இருந்தால், எதை விடுவது? விற்கலாம் என்றால், வாங்குகிறவரிடமும் லைசென்ஸ் இருக்க வேண்டும். ஆயுத பூஜையன்று கலப்பையோடும் அரிவாளோடும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்ட பொருளை, ரசீது வாங்கிக்கொண்டு ஸ்டேஷனில் விட்டு வருவது எளிதல்ல.

சட்டத்தின் பக்கத்து நியாயமும் சின்னதல்ல. ஆயுதம் வைத்திருப்பது அமெரிக்காவில் அரசியல் சாசன உரிமை. இந்தியாவில் அப்படி இல்லை. 2023-இல் லைசென்ஸ் இல்லாத ஆயுதங்கள் பற்றிய ஒரு விசாரணையில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. வீட்டில் துப்பாக்கி குறைந்தால் குடும்பச் சண்டையும் வரப்புத் தகராறும் உயிர்ப்பலியில் முடிவது குறையும் என்று நினைப்பவர்கள், துப்பாக்கி இருக்கும் வீடுகளிலேயே உண்டு. குறிப்பாக, அந்த பீரோவின் சாவியைப் பேரப்பிள்ளைகள் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கும் பெண்கள்.

பத்துக் கிலோமீட்டர் வட்டம்

மலையடிவாரத்துக்கு என்று தனியாக ஒரு கட்டுப்பாடும் உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு இது அதிகம் தெரியாது.

1988 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் மலைப்பகுதி, சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் ஆனது. மரத்துக்கு மரம் தாவும், பூனையளவு உடம்பும் அதே நீளத்துக்கு வாலும் கொண்ட மலை அணில் அது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, சரணாலயத்துக்கு உள்ளேயும் அதைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள்ளும் வசிக்கும் லைசென்ஸ்தாரர்கள் தங்கள் பெயரை வனத்துறையிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. அந்த வட்டத்துக்குள் புது லைசென்ஸ் கொடுக்க, தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் சம்மதம் வேண்டும். 2022-இல் வந்த திருத்தம், பழைய லைசென்ஸைப் புதுப்பிப்பதையும் வனத்துறைக்குத் தெரிவிக்கச் சொல்கிறது.

செண்பகத்தோப்பு, ஐயனார் கோயில் பக்கத்துத் தோப்புகள் என்று மேற்கு ஓரம் முழுக்க இந்த வட்டத்துக்குள் வருகிறது. ஆயுதச் சட்டமோ, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்குக் கருமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொள்ள இடம் தருகிறது. ஒரு சட்டம் திறந்த கதவை இன்னொரு சட்டம் பாதி சாத்தி வைத்திருக்கிறது. லைசென்ஸ் வேண்டுபவர் ஆட்சியர் அலுவலகம், போலீஸ், வனத்துறை என்று மூன்று படி ஏற வேண்டும்.

மலையடிவார விவசாயிகளின் ஆதங்கம் இங்கேதான் தொடங்குகிறது. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால் மக்காச்சோளம் போச்சு, நிலக்கடலை போச்சு. யானை வந்தால் பத்து வருஷத் தென்னை சாய்கிறது. மயிலைத் தொடவே முடியாது, தேசியப் பறவை. முன்பு வெற்று வெடி ஒன்று வெடித்தாலே பன்றி பயந்து ஓடும், இப்போது தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு விடிய விடியக் கண் விழிக்க வேண்டியிருக்கிறது என்பது பொதுவான புலம்பல்.

வழியில்லை என்று நினைப்பவர்களில் சிலர் கள்ள மின்வேலி போடுகிறார்கள். சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். இரண்டுமே சட்டவிரோதம். மின்வேலிக்குப் பன்றி, யானை, பக்கத்துக் காட்டுக்காரர் என்ற வித்தியாசம் தெரியாது. துப்பாக்கியாவது யார் சுட்டார் என்று கணக்கு வைக்கும், கம்பி வைக்காது என்று லைசென்ஸ்தாரர்கள் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், பயிருக்கு என்று வாங்கிய துப்பாக்கி மானையும் மிளாவையும் சுடாது என்பதற்கு உத்தரவாதம் என்ன என்று காட்டைக் காப்பவர்கள் கேட்பதிலும் உண்மை இருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம்

ராஜபாளையத்தில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் அதே மலையின் மறுசரிவு கேரளம். அங்கே 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதி தரும் அதிகாரம் கொடுக்கப்பட்டது. லைசென்ஸ் வைத்திருக்கும் உள்ளூர்க்காரர்களின் பட்டியல் தயாரித்து, அவர்களையே அந்த வேலைக்கு அழைக்கிறார்கள்.

தமிழ்நாடு வேறு வழியை எடுத்தது. 2025 ஜனவரியில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்டபடி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைத் தொடக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டரைத் தாண்டினால் சுடலாம். ஆனால், சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர்கள்தான். தோப்புக்காரரின் துப்பாக்கிக்கு அங்கே வேலை இல்லை. காட்டை ஒட்டியே நிலம் வைத்திருப்பவருக்கு, பன்றி அதிகம் வரும் அந்த முதல் கிலோமீட்டரிலேயே நிவாரணம் இல்லை.

இன்னும் வடக்கே, கர்நாடகத்தின் குடகில் கதை வேறு. குடவர்களுக்கும் ஜம்மா நிலக்காரர்களுக்கும் ஆங்கிலேயர் காலம் தொட்டு லைசென்ஸிலிருந்தே விலக்கு உண்டு. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. ஒரே மலைத்தொடரின் மூன்று ஊர்களில் துப்பாக்கிக்கு மூன்று சட்டங்கள்.

தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்கு

இந்தப் பகுதித் துப்பாக்கிகள் தவறாமல் வெளியே வருவது தேர்தல் சமயத்தில்தான். தேதி அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். வங்கிக் காவலர்கள் போன்றவர்களுக்கு விலக்கு. மற்றவர்கள் துணியில் சுற்றி எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு, முடிவு வந்த பிறகு வாங்கி வர வேண்டும். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-இல் வாக்குப்பதிவு. நாடு முழுக்க எண்ணிக்கை ஜூன் 4-இல். மாம்பழ சீசன் முழுக்க அதற்குள் போய்விட்டது.

துப்பாக்கி உள்ள குடும்பங்கள் மறக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. லைசென்ஸ் ஆளுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால், பீரோவில் இருக்கும் துப்பாக்கி அந்த நிமிஷமே பிரச்னைக்குரிய பொருள். தாமதிக்காமல் ஸ்டேஷனிலோ ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். 70 வயது நிறைந்தவர்களும், 25 ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தவர்களும் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றக் கோரலாம் என்று 2016 விதிகள் சொல்கின்றன. கணவர் ஞாபகமாக இருக்கட்டும் என்று தெரியாமல் வைத்திருந்தாலும் குற்றம் குற்றம்தான்.

பல வீடுகளில் அடுத்த தலைமுறை சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கிறது. அவர்கள் விண்ணப்பிக்கப் போவதில்லை. சட்டம் எண்ணிக்கையைக் குறைப்பதைவிட வேகமாக, பிள்ளைகளின் விருப்பமின்மை குறைத்துக்கொண்டிருக்கிறது.

போவதென்றால்...

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிந்த பின் ஸ்ரீவில்லிபுத்தூர், அடுத்து ராஜபாளையம். ஆண்டாளைச் சேவித்துவிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு, செண்பகத்தோப்புக்குப் போகலாம். வனத்துறை அனுமதிக்கும் இடம் வரைதான். பளியர் குடியிருப்பும் காட்டழகர் கோயில் பாதையும் அந்தப் பக்கம்தான். ராஜபாளையத்திலிருந்து ஐயனார் கோயில் போகும் வழியில், ஆறாவது மைல் குடிநீர்த் தேக்கத்தைப் பார்க்கலாம். இரண்டு ஊருக்கும் குடிக்கத் தண்ணீரும் தோப்புக்கு ஈரமும் இந்தக் காடு கொடுப்பதுதான். காடு இல்லாமல் மாந்தோப்பும் இல்லை என்பது பன்றியைத் திட்டும் விவசாயிக்கும் தெரியும்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தோப்புகளில் டார்ச் வெளிச்சம் ஆங்காங்கே தெரியத் தொடங்கும். கூடவே ஒரு வெள்ளை நாய். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பவரின் கையில் துப்பாக்கி இருக்காது. ஒரு தகர டப்பாவும் குச்சியும்தான் இருக்கும். இருட்டில் எங்கோ சலசலப்புக் கேட்டால் நாய் காதை நிமிர்த்தும். அவர் தட்ட ஆரம்பிப்பார்.