எண்ணிய அடிகளும் எண்ணாத அடிகளும்



ஆண்டுதோறும் ஆவணி பிறந்ததும் தஞ்சையிலிருந்து கிழக்கே செல்லும் சாலை காவி நிறம் பூணுகின்றது. ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றத்துடன் தொடங்கி, செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழாவோடு நிறைவுறும் வேளாங்கண்ணிப் பெருவிழாவிற்குக் கால்நடையாகச் செல்வோரின் கூட்டம் அது. சென்ற ஆண்டு நாமும் நமது பங்கு மக்கள் நாற்பது பேருடன் அவ்வழியே நடந்தோம். தூரம் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதை நான்கு நாள்களில் கடப்பதென்பது ஏற்பாடு.

இம்முறை நம்முடன் ஒரு புதிய துணையும் வந்தது. ஐம்பதைத் தாண்டிய நமது உடலில் சர்க்கரை குடிபுகுந்துவிட்டதென்றும், நாள்தோறும் நடந்தாலன்றி அது அடங்காதென்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். அதைக் கேள்வியுற்ற நம் தமக்கை மகன், காலடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி அனுப்பினான். "மாமா, நீங்கள் சும்மா நடந்தால் போதும், கணக்கை இது பார்த்துக்கொள்ளும்" என்றான். கணக்கு வந்தால் அதனுடன் வேறு சிலவும் வந்துசேரும் என்பதை நாம் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

முதல் நாள் விடியுமுன்னரே புறப்பட்டோம். சப்பரத்தில் அன்னையின் சுரூபம் முன்செல்ல, செபமாலை சொல்லிக்கொண்டு சாலியமங்கலத்தைக் கடந்து அம்மாபேட்டையை அடைந்தோம். இருபுறமும் வயல்கள், ஆங்காங்கே வாய்க்கால்கள். சாலையோரத்து வீடுகளில் சமய வேறுபாடு பாராமல் மோரும் தண்ணீரும் வைத்துக்கொண்டு காத்திருந்தனர். அன்று ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நடந்திருந்தோம். கடிகாரம் 31,000 அடிகளுக்கு மேல் காட்டியது.

அது சரிதானா என்று சோதிக்க ஆவல் கொண்டோம். மறுநாள் காலை, இரண்டு கிலோமீட்டர் கற்களுக்கு இடையே நாமே அடிகளை எண்ணி, நூறு அடிக்கு ஒரு மணியாகச் செபமாலையை நகர்த்தினோம். பதினான்கு மணிகளும் மேலே ஐம்பது அடிகளும் வந்தன. அதாவது 1,450 அடிகள். கடிகாரம் அதைவிடச் சிறிது குறைத்தே காட்டியது. செபமாலையைக் கணக்குமணியாக்கியதற்கு அன்னை நம்மை மன்னிப்பாராக.

ஆயினும் இது புதிய வழக்கமன்று. நம் பரங்கிமலையருகே 1802-ஆம் ஆண்டில் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கி வைத்த நில அளவைப் பணி, பின்னாளில் இமயம்வரை சென்றது. அயலார் நுழைய முடியாதிருந்த திபெத்தை அளக்க, குமாவோன் மலைநாட்டுப் பள்ளி ஆசிரியரான நயின் சிங் என்பவரை அத்துறையினர் 1865-இல் அனுப்பினர். அவர் யாத்திரிகர் கோலத்தில், ஒரே சீரான அடி வைத்து நடக்கப் பழகியவர். திபெத்தியர் கையில் வைத்திருக்கும் செபமாலையில் 108 மணிகள் இருக்கும். அவரது மாலையிலோ 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணி. ஒரு சுற்று முடிந்தால் பத்தாயிரம் அடி. அது ஏறத்தாழ ஐந்து மைல். இவ்வாறே மணிகளை உருட்டி, 1866-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் லாசா நகரை அடைந்தார். வழியில் எதிர்ப்பட்டோர் அவர் செபிப்பதாக எண்ணினர், அவரோ எண்ணிக்கொண்டிருந்தார்.

அதே பத்தாயிரம் என்னும் எண், ஒரு நூற்றாண்டு கழித்து வேறொரு வழியாக உலகில் பரவிற்று. 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. மறு ஆண்டே ஜப்பானில் இடுப்பில் அணியும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. "பத்தாயிரம் அடி அளவி" என்பது அதன் பெயரின் பொருள். விற்பனைக்கு வைத்த அந்தப் பெயரே நாளடைவில் உடல்நலச் சட்டம் போல் நிலைபெற்றுவிட்டது. அமெரிக்காவில் சராசரியாக 72 வயதுடைய பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது: நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,400 அடிகள் நடந்தோரிடமே மரண விகிதம் குறைந்து காணப்பட்டது, 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. ஆதலின், பத்தாயிரத்தை எட்டவில்லையே என்று நம் இல்லங்களிலுள்ள முதியோர் கவலையுற வேண்டியதில்லை.

வெண்ணாற்றங்கரை நீடாமங்கலத்தையும் கொரடாச்சேரியையும் கடந்து, மூன்றாம் நாள் திருவாரூர் வழியே நடந்துகொண்டிருந்தோம். அதற்குள் கடிகாரம் நம்மை ஆட்கொண்டுவிட்டது. இளைஞர் சிலரும் அத்தகைய கடிகாரம் அணிந்திருந்தமையால், ஓய்வெடுக்கும் இடந்தோறும் "உமக்கு எவ்வளவு?" "எனக்கு எவ்வளவு?" என்னும் பேச்சே நிகழ்ந்தது. அன்று நாற்பதாயிரம் எட்டிவிட வேண்டும் என்று நாம் மனத்தில் குறித்துக்கொண்டோம்.

நம்முடன் எழுபது வயது மூதாட்டி ஒருவர் வந்துகொண்டிருந்தார். பேரனுக்கு நோய் தீர்ந்தால் வெறுங்காலுடன் நடந்து வருவதாக நேர்ச்சை. பிற்பகலில் அவர் நடை தளர்ந்தது. நாம் நின்று பார்த்தபோது, "சாமி, நீங்க முன்னாலே போங்க, நான் மெதுவா வந்துடுறேன்" என்றார். அவர் நம்பொருட்டுச் சொன்ன சொல்லை நாம் வசதியாகப் பற்றிக்கொண்டு முன்னே நடந்தோம். கீழ்வேளூரை நெருங்குகையில் கடிகாரம் அதிர்ந்து நாற்பதாயிரத்தை அறிவித்தது. இளைஞர்கள் கைதட்டினர். நமக்கும் பெருமைதான்.

இரவு செபத்திற்குப் பெயர் அழைத்தபோது அம்மூதாட்டி இல்லை. ஒன்பது மணி அளவில் கல்லூரி மாணவர் ஒருவர் அவரைத் தோளில் சாய்த்து அழைத்து வந்தார். பாதங்களில் கொப்புளங்கள் உடைந்து கசிந்தன. மாணவர் கையிலும் அதே கடிகாரம் இருந்தது. "உனக்கு எவ்வளவு?" என்று யாரோ கேட்டார். "பார்க்கவே இல்லை" என்றார் அவர். நாற்பது பேரை அழைத்து வந்த மேய்ப்பர் நாம். பின்தங்கியவரை நோக்கித் திரும்பிச் சென்றவரோ அந்த மாணவர். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

படுத்திருந்தபோது, குருமடத்தில் இலத்தீன் பயின்ற நாள் நினைவுக்கு வந்தது. 'மைல்' என்னும் சொல்லே அம்மொழியில் ஆயிரம் என்னும் சொல்லினின்று பிறந்தது. உரோமைப் படைவீரர் இடக்கால் ஊன்றி மீண்டும் இடக்கால் ஊன்றுவதை ஓர் அடியாகக் கொண்டு, ஆயிரம் அடியை ஒரு மைல் என்றனர். இன்றைய அளவில் அது ஏறத்தாழ 1,480 மீட்டர். அவ்வீரர்கள் வழிப்போக்கரைக் கட்டாயப்படுத்திச் சுமை தூக்கச் செய்ததுண்டு. ஒரு மைல் வரச் சொல்பவனுடன் இரு மைல் செல்லுமாறு நம் ஆண்டவர் மலைப்பொழிவில் பணித்தது (மத்தேயு 5-ஆம் அதிகாரம்) இந்த மைலைத்தான். முதல் ஆயிரம் அடிகள் கட்டாயத்திற்காக எண்ணப்படுபவை. இரண்டாவது ஆயிரத்தை யாரும் எண்ணுவதில்லை. பலமுறை அவ்வாசகத்தின்மேல் பிரசங்கம் செய்தும், அதன் பொருளை அன்றிரவே நாம் உணர்ந்தோம்.

நான்காம் நாள் மூதாட்டியின் பாதங்களுக்கு மருந்திட்டுத் துணி சுற்றினோம். உடன் வந்த வண்டியில் ஏறிக்கொள்ளுமாறு வேண்டினோம். நேர்ச்சையைச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். ஆகவே நாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அனைவருக்கும் கடைசியில் நடந்தோம். சிக்கலில் ஒரு மணி நேரம், நாகையில் வெயில் தாழுமட்டும் ஓய்வு. வழியெல்லாம் அவர் பேரனைப் பற்றியும், மறைந்த தம் கணவரைப் பற்றியும், பங்கில் நாம் அறியாதிருந்த சில துயரங்களைப் பற்றியும் பேசினார். நமது பங்கைப் பற்றி அன்று நாம் கற்றது, ஐந்தாண்டுகளில் கற்றதினும் மிகுதி.

இருட்டிய பின் பேராலயத்தின் விளக்குகள் தெரிந்தன. அன்று நடந்த தூரம் முதல் நாளினும் குறைந்ததன்று. கடிகாரமோ 22,000 அளவிலேயே நின்றிருந்தது. காரணம் எளிது. அதனுள் இருக்கும் சிறு உணர்கருவி, நடக்கையில் உடலும் கையும் பெறும் அசைவையும் அதிர்வையும் கொண்டு அடியைக் கணிக்கிறது. மெல்ல ஊன்றும் அடியில் அதிர்வு குறைவு. பிறர் கையைப் பற்றிய கையோ வீசுவதில்லை. ஆகவே அத்தகைய அடிகளில் பல அதன் கணக்கில் ஏறுவதில்லை.

மறுநாள் காலை, பேராலயத்திலிருந்து மாதா குளம் நோக்கிச் செல்லும் மணற்பாதையில் மக்கள் முழந்தாளில் நகர்ந்து சென்றனர். கூப்பிய கைகள்; சிலர் கையில் மெழுகுதிரி; ஒரு தாயின் இடுப்பில் குழந்தை. நமது மூதாட்டியும் அவர்களிடையே சென்றார். நாம் குடை பிடித்துக்கொண்டு அவர் அருகே சென்றோம். முடிவில் கடிகாரத்தைப் பார்த்தோம். அதில் சொற்ப எண்ணே ஏறியிருந்தது.

கருவியைக் குறைகூற இதை எழுதவில்லை. நாம் இன்றும் அதை அணிகின்றோம்; நமது சர்க்கரை குறைந்துள்ளதாக மருத்துவர் கூறினார். இவ்வாண்டு திருயாத்திரை செல்லும் குடும்பத்தினரும் விரும்பினால் அணியலாம். கிலோமீட்டர் கற்களுக்கு இடையே ஒருமுறை எண்ணிச் சரிபார்த்துக்கொள்க. முதல் நாளே இலக்கு வைத்து ஓடற்க. சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்க. மாலைதோறும் பாதங்களைப் பார்த்துக்கொள்க. உங்கள் கூட்டத்தில் யார் கடைசியில் வருகிறார் என்பதை நாளுக்குப் பலமுறை திரும்பிப் பார்க்க.

நமது பங்கின் கூட்டத்தில் இவ்வாண்டு சப்பரத்தின் முன்னே இளைஞர்கள் செல்வார்கள். அந்தக் கல்லூரி மாணவரும் நாமும் கடைசியில் வருவதாகப் பேசி முடித்திருக்கின்றோம். ஆரோக்கிய அன்னை அனைவரையும் நலமே நடத்திச் செல்வாராக.