ஒதி மரத்து நிலா

"டேய் தம்பி, மாடிப்படிச் சுவத்துல வௌவால் ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. ஆனா கண்ணு ரெக்கையில இருக்குடா."

லாஸ்பேட்டையிலிருந்து அக்கா பேசினாள். படமும் வந்தது. அன்று மாலையே விழுப்புரத்தில் பாண்டி பஸ் ஏறிவிட்டேன்.

வௌவால் அல்ல, எரிபஸ் மாக்ராப்ஸ் என்ற அந்துப்பூச்சி. இறக்கையை விரித்தால் அரைச் சாண் தாண்டும். காப்பிப்பொடி நிறம். முன்னிறக்கை ஒவ்வொன்றிலும் ஆந்தை விழித்ததுபோல ஒரு கண். பகலில் இருட்டு மூலையில் தட்டையாக ஒட்டிக் கிடக்கும். இரவில் கனிந்து புளித்த பழத்தைத் தேடிப் போகும். நான் போய்ச் சேர்வதற்குள் அது பறந்துவிட்டிருந்தது.

விளக்கைவிடப் பழத்துக்குத்தான் அது மயங்கும் என்பதால், கறுத்துப்போன வாழைப்பழத்தை வெல்லத்தோடு பிசைந்து பின்கட்டு முருங்கைமரத்தில் பூசினேன். பதினோரு மணிக்கு டார்ச் அடித்தபோது மரத்தில் இரண்டு தணல் துண்டுகள் மின்னின. நிஜக் கண்கள். உறிஞ்சுகுழலை நீட்டி நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தது. அக்கா மூச்சை அடக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"இதுதான் இருக்கறதுலயே பெருசா?"

இல்லை. நம் பக்கத்தில் அந்தப் பெருமை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் வாழும் அட்டாகஸ் டாப்ரோபானிஸுக்கு. செங்காவி இறக்கைகளில் செதில் இல்லாத முக்கோணச் சன்னல்கள். முன்னிறக்கை நுனியில் பாம்புத் தலை. அந்தச் சன்னல்களைப் பார்த்துவிட்டால் வேறு அடையாளம் தேவைப்படாது. 1892 முதல் 1896 வரை இந்திய அந்துப்பூச்சிகளை நான்கு தொகுதிகளாக எழுதிய ஜார்ஜ் ஹாம்ப்சன், நீலகிரியில் தேயிலை பயிரிட வந்தவர். பூச்சிகளின் மேல் அவருக்கு ஆசை பிறந்தது அங்கேதான். அந்த மலையில் ஓர் இரவு தங்கியவர்களுக்கு அதில் வியப்பு இருக்காது.

விடிய ஒரு மணி நேரம் இருக்கையில், ஹெலிபேட் மைதானத்துப் பக்கம் நடந்தேன். முந்தின இரவுத் தூறலில் செம்மண் மணத்தது. வெள்ளை எல்இடி தெருவிளக்கின் கீழே யாரோ கசக்கிப் போட்ட இளம்பச்சைக் காகிதம். குனிந்தேன். காகிதம் இறக்கையை அசைத்தது.

ஆக்டியாஸ் செலினே. நிலா அந்துப்பூச்சி.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாலில் பச்சை கலந்த நிறம், முன்னிறக்கை விளிம்பில் மட்டும் கருஞ்சிவப்புக் கரை, நான்கு இறக்கையிலும் சின்னப் பிறைக்கண். பின்னிறக்கைகள் இரண்டு வால்களாக நீண்டு முறுக்கியிருந்தன. அவை அழகுக்காக மட்டும் இல்லை. இதன் அமெரிக்க உறவான லூனாவை வைத்து 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, சுழலும் வால்கள் வௌவாலின் எதிரொலிக் கணக்கைக் குழப்பி, அடியை உடம்பிலிருந்து வால் பக்கம் திருப்புகின்றன என்று காட்டியது. இதன் வயிறு பருத்திருந்தது, உணர்கொம்புகள் ஒல்லி. ஆணுக்கென்றால் அவை சீப்புப்போல அகன்றிருக்கும். வெகு தொலைவிலிருந்தே பெண்ணின் வாசனையைப் பிடிப்பதற்கு. ஆக, இது பெண்.

இதற்கு உண்ணும் வாய் இல்லை. புழுவாக இருந்தபோது தின்றதை வைத்துத்தான் ஏறக்குறைய ஒரு வாரம் வாழும். அந்த வாரத்தில் ஓர் இரவை இந்த விளக்கு தின்றுவிட்டது. எதிர்ச் சுவரில் காகங்கள் வந்து உட்காரத் தொடங்கின. பூச்சியைச் சட்டைக் கையில் ஏற்றிக்கொண்டு எழுந்தேன்.

எங்கே விடுவது? அக்கா வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் யாரோ எப்போதோ வேலிக்கு ஊன்றிய ஒதிக் கம்பு மரமாகி நிற்கிறது. "ஒதி பெருத்தா உத்தரமாகுமா, சும்மா எலையத்தான் கொட்டுது" என்று அக்கா அதை ஏசாத நாளில்லை. பழமொழி சொல்வது சரிதான். அதை வைத்து வீடு கட்ட முடியாது. ஆனால் அதன் இலை இந்த நிலாவின் புழுவுக்குச் சோறு. பழைய தாவர நூல்களில் இந்த மரத்துக்கு ஒடினா வோடியர் என்று பெயர். அந்த வோடியரில் நம் ஒதியே ஒலிக்கிறது. இன்றைய பெயரான லானியா கோரமண்டலிக்காவில் நம் சோழமண்டலக் கரை இருக்கிறது.

பூச்சியை இலைச் செறிவுக்குள் ஏற்றிவிட்டுக் கையைப் பார்த்தேன். வரும் வழியிலேயே முழங்கை மடிப்பில் ஏழு முட்டைகளை ஒட்டவைத்திருந்தது. அக்கா எதுவும் கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து வந்து அந்தத் துணித் துண்டை வெட்டி, தாழ்ந்த கிளையொன்றில் தளர முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது.

"துணி மேல செவப்பா, நடுவுல கறுப்பா நாலு ஊருதுடா. எறும்பா, நம்மளதா?"

"கால எண்ணிப் பாருக்கா. எறும்புக்கு ஆறுதான்."

போனைக் கீழே வைத்துவிட்டு அவள் எண்ணப் போனாள். நான் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தேன்.