கை பட்ட இடம்

1999ஆம் வருசம். எனக்கு எட்டு வயசு. விழுப்புரம் பக்கத்துல எங்க ஊர். ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் நடுவே ஒரு வாய்க்கால். ஆண்டை வீட்டுக் கறுப்பு அம்பாசிடர் கோயில் புளியமரத்தடியில நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, செம்மண் தூசி மூடிக் கிடந்த அதன் பானெட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன். அஞ்சு விரலும் அப்படியே பதிந்தது. பார்க்க நன்றாக இருந்தது. ஒரு சாண் தள்ளி, ஆண்டை வீட்டுப் பையன் அதே தூசியில் விரலால் தன் பேரை எழுதி வைத்திருந்தான். அவன் என் வகுப்புதான்.

சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அடிக்கவில்லை, அதையும் சொல்லியாகணும். "ஒம் மவன் கைய வெச்சுட்டான்டா. கழுவி மெழுகு போட்டுட்டுப் போ" என்றார் ஆண்டை. அப்பாவை விடப் பத்து வயசு சின்னவர். "சரிங்க ஆண்டே" என்றார் அப்பா.

மெழுகு போடுவது எப்படி என்று அப்பாவுக்குத் தெரியாது. டிரைவர் தள்ளி நின்று சொல்லச் சொல்லச் செய்தார். தகர டப்பாவிலிருந்து துணியில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்க்கணும். காய்ந்து வெள்ளையாகப் பூத்து வரும். அப்புறம் பழைய வேட்டித்துணியால் அழுத்தித் துடைத்து எடுக்கணும். அந்தப் பழைய வண்டிக்கு நிறத்துக்கு மேலே கண்ணாடி மாதிரிப் பூச்சு ஏதும் கிடையாது. தேய்க்கத் தேய்க்க வண்டியின் கறுப்பு துணிக்கு வந்தது. துணியிலிருந்து அப்பாவின் கைக்கு வந்தது. இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வந்தார். அந்தக் கையோடவே சோறு தின்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இதை எப்பவோ மறந்திருப்பேன்.

பையன் எழுதின பேரும் அந்தக் கழுவலில்தான் போனது. ஆனால் அதுக்காக யாரையும் கூப்பிட்டு அனுப்பவில்லை.

எம்.ஏ. தமிழ் படிக்கும்போது, 2012லிருந்து இரண்டு வருசம், சென்னையில் ஒரு கார் கழுவும் கடையில் ஞாயிறும் லீவு நாளும் வேலை பார்த்தேன். அங்கேதான் இந்தத் தொழிலைக் கற்றேன். தூசியோடு இருக்கும் வண்டியைத் தேய்த்தால் மண்துகள் இழுத்துக்கொண்டு போய் மெல்லிசாகக் கீறல் விழும் என்பது உண்மைதான். கீறல் என்று வந்துவிட்டால் வைத்து அழுத்தின கையை விட, இழுத்து எழுதின விரல்தான் அதிகம் கீறும். இது தெரிய எனக்குப் பதிமூணு வருசம் ஆச்சு.

இப்போது வரும் வண்டிகளில் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்று ஒன்று இருக்கிறது. மொத்தமே 40, 50 மைக்ரான்தான். தலைமுடியை விட மெல்லிசு. கீறலை எடுப்பது என்றால் கீறலை நிரப்புவது அல்ல. அதைச் சுற்றி இருக்கும் மேல்தோலையும் சேர்த்துச் சீவி, பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருவது. காம்பவுண்டைத் தடவி மெஷினை ஓட்டும்போது ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறிப் போகும். ஓரங்களில் பூச்சு இன்னும் மெல்லிசு. பானெட் முனையில் கொஞ்சம் அசந்தால் போச்சு. அப்பா காலத்தில் துணியில் நிறம் வந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். இப்போது துணியில் நிறம் வந்தால் வேலை போகும். எனக்கு ஒருமுறை வந்தது. மூணு மாசம் கூலியில் பிடித்தார்கள்.

வகுப்பில் முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை நடத்தினார் பேராசிரியர். அந்தத் தேரைக் கழுவினது யாரு ஐயா என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. எல்லாரும் சிரித்ததால் அவரும் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனார். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை.

1929இல் சாலிஸ்காவில் அம்பேத்கருக்கு வண்டி ஓட்டக் குதிரை வண்டிக்காரர் யாரும் வரவில்லை. தீண்டப்படாதவரை உட்கார வைத்து ஓட்டுவது தங்களுக்கு இழிவு என்று நினைத்தார்கள். ஓட்டிப் பழகாத நம்ம ஆள் ஒருவர் ஓட்ட, பாலத்தருகே வண்டி மோதித் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்தது அவருக்கு. வண்டியைத் துடைக்க மட்டும் நம் கை எந்தக் காலத்திலும் தீட்டாக இருந்ததில்லை.

இப்போது என் தம்பி அதே தொழிலில் இருக்கிறான். மெழுகு போய் செராமிக் கோட்டிங் வந்துவிட்டது. ஒரு வண்டிக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் வாங்குகிறார்கள். ஒரு சின்னப் பாட்டில்தான். இரண்டடி சதுரமாகப் பிரித்துப் பிரித்துத் தடவணும். தண்ணீரில் பெட்ரோல் சிந்தினது போல வானவில் ஓடும். அந்த நேரம் பார்த்துத் துடைத்தெடுக்கணும். முந்தினால் பிடிக்காது. பிந்தினால் திட்டாக இறுகிவிடும், மறுபடி மெஷின்தான். சித்திரை வெயிலில் நிமிசத்தில் இறுகும். ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே வேலை. அந்த நெடி தலையைப் பிடிக்கும். முகமூடி என்று கடையில் எதுவும் தருவதில்லை. துண்டைக் கட்டிக்கொள்கிறான். ராத்திரியில் வலது தோள் தூங்க விடுவதில்லை என்கிறான். அவனுக்கு வயசு இருபத்தாறு.

போன மாசம் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். வெள்ளை வண்டி ஒன்று உள்ளே நின்றது. டிக்கிக் கதவில் கெட்டி எழுத்தில் சாதிப்பேர் ஸ்டிக்கர். மெஷின் பேடு பட்டால் ஸ்டிக்கரின் ஓரம் பிய்ந்துவிடும். அதனால் தம்பி மாஸ்கிங் டேப்பை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக, சுழிக்குச் சுழி, கொம்புக்குக் கொம்பு ஒட்டி மூடிக்கொண்டிருந்தான். அரைமணி நேரம் ஆச்சு. அந்தப் பேருக்கு ஒரு கீறல் விழக்கூடாது என்று வண்டிக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனாராம். போகும்போது, "எந்த ஊருப்பா? ஊருக்குள்ளயா, வெளியிலயா?" என்றும் கேட்டாராம். தம்பி மெட்ராஸ்தான் சார் என்று சொல்லியிருக்கிறான்.

எல்லாம் முடிந்து டேப்பைப் பிரித்தான். எழுத்துகள் முன்னை விட எடுப்பாகத் தெரிந்தன. சுற்றியிருந்த வெள்ளையில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. வெளியே டீ குடிக்கும்போது, டேப்பைப் பிரிக்கும்போது என்னடா நினைச்சே என்று கேட்டேன்.

"பசை ஒட்டாம வருதான்னு பாத்தேண்ணா" என்றான்.