கண்டியில் தனியே ஒரு பகல்

2018 திகன கலவரத்துக்குப் பிறகு கண்டி என்றாலே உம்மாவுக்குப் பயம். விடுமுறையில் மாமி வீட்டுக்கு வந்த நான், ஒருநாள் தனியே போய்வரக் கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

தலதா மாளிகை வாசலில் பையைச் சோதித்தார்கள். என் அபாயாவைக் கண்டு அதிகம் கிளறுவார்களோ என்றிருந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரித்தான்.

மகுல் மடுவவின் செதுக்கிய மரத்தூண்களருகே நெடுநேரம் நின்றேன். 1815 மார்ச் 2இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது இங்கேதான். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இயற்பெயர் கண்ணுசாமி, நாயக்கர் வம்சம். வேலூரில் சிறைவைக்கப்பட்டு 1832இல் இறந்தான். புள்ளிக்காக மனனம் செய்த பெயர்தான். அங்கே நின்றபோது பாவமாயிருந்தது.

அவன் அமைத்த வாவிக்கரையில் உம்மாவின் அழைப்பு வந்தது.

“தனியவா மகள் நிக்கிறீங்க?”

“ஓம் உம்மா. இன்னும் பாதி வாவி சுத்த இருக்கு.”